காண்பாரற்ற கடமை

கண்காணிப்பவர் அருகில் நிற்கும்போது ஒழுங்காக வேலை செய்தல் எவர்க்கும் எளிது. காண்பார் ஒருவருமில்லை, செய்த வேலையின் பயன் தன் வாழ்நாளில் வெளிப்படும் என்னும் உறுதியுமில்லை. அத்தகைய இடத்திலும் மனிதன் தன் கடமையைப் பழுதின்றிச் செய்தல் வேண்டுமா? வேண்டுமெனில், எதன் பொருட்டு? இவ்வினாவுக்கு விடை காண உலகத்தின் தென்கோடியை நோக்குவோம்.

அண்டார்க்டிகாவின் ஓரத்தில், கடல்மீது மிதக்கும் பெரும் பனித்தட்டின்மேல், 1956ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் ஓர் ஆராய்ச்சி நிலையம் அமைத்தனர். ஹாலி விரிகுடா என்பது அதன் பெயர். ஆண்டில் நூறு நாட்களுக்கு மேல் ஆங்கு ஞாயிறு தோன்றுவதில்லை. கோடையில் வரும் கப்பல் திரும்பிவிட்டால், அடுத்த கோடை வரை வெளியார் முகம் காண்டல் அரிதாயிருந்தது. குவியும் பனி கட்டடங்களையே புதைத்து நெரித்துவிடும்.

அந்நிலையத்தில் ஒளியை அளக்கும் கருவி ஒன்று இருந்தது. டாப்ஸன் என்னும் அறிஞர் 1920களில் வகுத்த கருவி அது. வானின் உயரத்திலுள்ள ஓஸோன் வாயு, ஞாயிற்றின் தீய கதிர்களைத் தடுத்து உயிர்களைக் காக்கின்றது. அவ்வாயு மிகுதியாக விழுங்கும் கதிரையும் குறைவாக விழுங்கும் கதிரையும் ஒப்பிட்டு, வாயுவின் அளவைக் கூறுவதே அக்கருவியின் தொழில். அதனைப் பேணுதலோ பெரும் பொறுமைக்குரியது. உள்ளே ஈரம் படியாதவாறு காத்தல் வேண்டும்; குளிர் தாக்காதவாறு போர்வை சுற்றுதல் வேண்டும்; விளக்கொளி காட்டி அடிக்கடி சோதித்துக் குறித்தல் வேண்டும்.

பனிப்புயல் சீறும் நாளில், "நேற்றைய எண்ணையே இன்றும் எழுதினால் யார் அறிவார்?" என்னும் எண்ணம் எழுதல் மனித இயல்பே. உண்மையில் எவரும் அறியார். ஆனால் பொய்யெண் ஒன்று புகுந்தால், அதற்கு முன்னும் பின்னும் பிறர் வருந்திச் சேர்த்த மெய்யெண்கள் யாவும் ஐயத்துக்கு உள்ளாகும். ஒருவன் சோம்பல் பலர் உழைப்பைக் கெடுக்கும்.

நிற்க. தொடக்க ஆண்டுகளின் அக்டோபர் மாதங்களில் சுமார் 300 அலகாயிருந்த ஓஸோன், 1984இல் சுமார் 200ஆகக் குறைந்தது. ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் என்னும் மூவரும் உடனே வானத்தைக் குற்றஞ் சாட்டினாரல்லர். தம் கருவியையே முதலில் ஐயுற்றனர். வேறொரு கருவியும் அக்குறைவையே காட்டிற்று. அதன் பின்னரே 1985 மே மாதத்தில் உலகுக்கு உரைத்தனர். விண்ணில் சுழன்ற செயற்கைக்கோளும் இக்குறைவைக் கண்டிருந்தது. எனினும் அவ்வெண்கள் நம்பத் தகாதவை எனக் குறிக்கப்பட்டிருந்தன. குளிர்ப்பெட்டிகளிலும் தெளிப்பான்களிலும் பயன்பட்ட குளோரின் கலந்த வாயுக்களே கேட்டுக்குக் காரணம் எனத் தெளிவாயிற்று. 1987இல் மான்ட்ரியல் நகரில் உலக நாடுகள் அவற்றைக் கட்டுப்படுத்த உடன்பட்டன.

"பயன் விளைந்ததால் புகழ்கின்றீர், விளையாதிருப்பின்?" என ஒருவர் வினவலாம். நேரிய வினா இது. ஓஸோன் ஒருகாலும் குறையாதிருந்தாலும், "குறையவில்லை" என்னும் செய்தியும் உண்மையன்றோ? அவ்வுண்மையைக் கூறவும் அதே உழைப்பு வேண்டும். ஆகவே கடமையின் மதிப்பு விளைவில் இல்லை; பிறர் நம்பத்தக்கதாக அதனைச் செய்வதில் உளது.

கண்டுபிடித்தவர் பெயரை நூல்கள் பொறிக்கும். பனியில் நின்று கருவியைத் துடைத்துக் காத்தவர் பெயரைப் பலர் அறியார். ஆயினும் அவர் கை பிழைத்திருந்தால் அறிஞர் மூவரும் ஐயந்தீர ஒரு சொல்லும் உரைத்திருக்க முடியாது. சிறு தொழில் என்று ஒன்றில்லை. பொய்யாய்ச் செய்த தொழிலே சிறுதொழில். யாரும் காணாத இடத்தில் நாம் எழுதும் எண் மெய்யா என்பதே நம் ஒழுக்கத்தை அளக்கும் கோல்.