மனக்கோயிலும் வகுப்பறையும்

சைவாசிரியர்களே,

மனிதர் செய்யுந் தொழிலை உள்ளிருந்து நடத்துவன இரண்டு. ஒன்று சென்றதை நினைத்தல். மற்றொன்று வருவதைப் பாவித்தல். நினைவு மாத்திரம் உடையவன் சோர்வடைவான். பாவனை மாத்திரம் உடையவன் வீண்கனாக் காண்பான். இரண்டுங் கூடியவழியே பணி செவ்விதாய் நிகழும்.

இதனைத் திருநின்றவூர்ப் பூசலார் நாயனாரிடத்தே காண்க. சிவபெருமானுக்கு ஆலயஞ் சமைக்க விரும்பிய அவர் எங்குந் தேடியும் பொருள் பெற்றிலர். அதனை நினைந்து வருந்தினாரேனும், அவ்வருத்தத்திலேயே நின்றுவிட்டாரல்லர். மனத்திலே நிதி தேடினார், தச்சரை அழைத்தார், நன்னாளில் அத்திவாரமிட்டார், சிகரமுங் கிணறும் மதிலுங் குளமும் முறையே அமைத்தார், அதன் பின்னரே பிரதிட்டைக்கு நாட்குறித்தார். பிரதிட்டை விழாவை மாத்திரம் அவர் பாவித்தாரல்லர் என்பதை உற்றுநோக்குக. அக்கோயிலை ஏற்றருளிய பெருமான், காஞ்சியிற் கற்றளி எடுத்த காடவர்கோமான் அந்நாளிலேயே குறித்திருந்த பிரதிட்டையைப் பிற்படுத்தும்படி கனவிற் பணித்தருளினார்.

பதுளையைச் சூழ்ந்த தோட்டங்களிற் கற்பிக்கும் நமக்கோ நினைவுகள் மிகப் பல. நம் மாணவருட் பலருடைய முன்னோர் 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராயினர். 1964 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பின் எத்தனையோ குடும்பங்கள் பிரிந்தன. இவற்றை நினைந்து, “தாய் கொழுந்தெடுத்தாள், மகளும் அதனையே செய்வாள்” என்று துணிந்த ஆசிரியர், பாடத்தைச் சுருக்குவார், அவளுடைய கொப்பியைத் திருத்தாது விடுவார், அவளை வினா வினவார். மற்றோராசிரியர், “இவள் வைத்தியராவாள்” என்று மகிழ்வார். ஆயின் அவளுக்குப் பின்னக்கணக்கு விளங்காமையை அறியார். இருவராலும் அவள் பெற்ற பயன் ஒன்றுமில்லை.

கவ்வாத்து வெட்டுந் தொழிலாளியைப் பாருங்கள். முன்னைய வெட்டு எங்கே நின்றதென்று நோக்கி, அதற்குச் சற்று மேலே கத்தியை வைக்கின்றார். இனித் துளிர்க்குங் கொழுந்தை எண்ணியே பச்சைச் செடியை வெறுங்கொம்பாக்குகின்றார். நினைவும் பாவனையும் அவர் கையிலே ஒன்றுபடுகின்றன. அவருடைய பிள்ளையைக் கற்பிக்கும் நாம் அவ்வறிவிற் குறையலாமோ?

ஶ்ரீலஶ்ரீ ஆறுமுகநாவலர் மிஷன் பாடசாலையிற் பயின்றுங் கற்பித்தும் அறிந்தவற்றை மறவாது, 1848 இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார். பிள்ளைகள் படிப்படியாய் ஏறும்படி பாலபாடங்களையும் எழுதினார்.

ஆதலால், நாடோறும் மாலையிற் சிவபெருமானைத் தியானித்தபின், இன்று யார் எவ்விடத்தில் இடர்ப்பட்டார் என்று நினையுங்கள். நாளைக்கு அவரை எவ்வினாவால் எழுப்பி, எவ்வுதாரணத்தால் அடுத்த படிக்கு ஏற்றுவது என்று ஒவ்வொன்றாய்ப் பாவியுங்கள். அதுவே நாம் எடுக்கத்தக்க மனக்கோயில்.

திருவருள் முன்னிற்பதாக.