பிறவிச் சுமை யாருடையது?

நான் வெள்ளவத்தையில் காலி வீதியோரம் கணினி திருத்துபவன். சாதாரணதரப் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் வரிசை எனக்கும் தெரியும்: வெற்றிடக் குழாய், திரான்சிஸ்டர், ஒருங்கிணைந்த சுற்று, நுண்செயலி. ஆரம்பகாலக் கணினியான எனியாக்கில் ஏறத்தாழ 18,000 குழாய்கள். 1971இல் வந்த இன்டெல் 4004 சில்லில், விரல்நகத்திலும் சிறிய இடத்துக்குள் 2,300 திரான்சிஸ்டர்கள். உடல் இவ்வளவு மாறினாலும் ஒன்றிலிருந்து அடுத்ததற்கு எது போகிறது? எனக்கு அதுதான் கேள்வி.

1978இல் வந்த இன்டெல் 8086 நுண்செயலிக்கு 20 முகவரிக் கம்பிகள்தான். ஒரு மெகாபைட்டைத் தாண்டினால் எண் திரும்பப் பூச்சியத்துக்கு வந்துவிடும். அந்தக் குறையையே நம்பிச் சிலர் புரோகிராம் எழுதினார்கள். பின்வந்த 80286க்கு 24 கம்பிகள். குறை தீர்ந்தது, பழைய புரோகிராம்கள் தடுமாறின. ஆகவே 1984இல் ஐபிஎம் தன் ஏடி கணினியில் இருபத்தோராவது கம்பியை மறித்து ஒரு கதவு வைத்தது. அதைத் திறக்கும் பொறுப்பு விசைப்பலகையைக் கவனிக்கும் சில்லிடம் போனது. அதில்தான் ஒரு கால் மிச்சமிருந்தது! இன்று நான் பொருத்தும் இன்டெல், ஏஎம்டி புரொசெசர்களும் மின்சாரம் வந்ததும் 8086ஐப் போலப் 16 பிட் நிலையிலேயே கண்விழிக்கின்றன. 2023இல் இந்தப் பழைய சுமையை இறக்கிவைக்க இன்டெல் ஒரு திட்டம் வெளியிட்டது. அடுத்த ஆண்டே அதைக் கைவிட்டது.

சைவனுக்கு இதில் முற்பிறவிகளில் சேர்ந்த சஞ்சித வினை தெரியும். ஆனால் என்னோடு வேலை செய்யும் சிங்களத் தம்பிக்கு வேறொன்று தெரிந்தது. ஒரு விளக்கிலிருந்து இன்னொன்றை ஏற்றினால் சுடர் தொடரும், எந்தப் பொருளும் இடம்பெயர்வதில்லை என்று மிலிந்த மன்னனுக்குப் பௌத்தத் துறவி நாகசேனர் சொன்னதை நினைவூட்டினான். சில்லில் பழக்கம் தொடர்கிறதே, அண்ணே, உயிர் எங்கே என்று கேட்டான்.

கேள்வி நியாயமானது. "வினை தொடர்கிறது, ஆகவே அதைச் சுமக்கும் உயிர் உண்டு" என்று நம் கோயில் பிரசங்கங்களில் சொல்லும் வாதம் அவன் முன்னால் நிற்காது.

சைவ சித்தாந்த ஆசான் மெய்கண்டார் அந்த வாதத்தால் உயிரை நிறுவவில்லை. அவரது சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரம் உடம்பையே மாயையால் ஆன இயந்திரம் என்கிறது. இயந்திரத்துக்குள் உயிர் உண்டென்பதற்கு அது காட்டும் சான்றுகள் வேறு: உடம்பை என்னுடையது என்று ஒருவர் சொல்வது, ஐம்புலனும் ஒடுங்கிய கனவிலும் அறிவது. மதர்போர்ட்டில் இருக்கும் காசு வடிவ பற்றரி, கணினி அணைந்திருக்கும்போதும் நேரத்தை எண்ணுகிறது. ஆனால் போன நேரத்தைத் தன்னுடையது என்று உணர அங்கே யாருமில்லை. திரையில் "நான்" என்ற எழுத்து வரலாம். அதை எழுத வைத்தவர்கள் நாம். 8086இன் சுமையால் அல்லல்பட்டதும் அந்தச் சில்லன்று. புரோகிராம் எழுதியவர்களும், அதைத் திருத்த விடியும்வரை விழித்திருந்தவர்களுமே. வினை இயந்திரத்திலும் தொடரலாம், அதை நுகர ஓர் உயிர் வேண்டும். இதில் நான் மெய்கண்டார் பக்கம்.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அறநெறி வகுப்பு நடத்தும் பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். கணினி படிக்கும் பிள்ளைகள் இந்தத் தம்பியின் கேள்வியோடுதான் வருவார்கள். அதட்டி உட்கார வைக்காதீர்கள். மூன்றாம் சூத்திரத்தை அவர்களோடு சேர்ந்து வாசியுங்கள்.