நீயே கதி என்று சொல்கிற நாம்



சில வருஷம் முன்னாடி தைப்பூசத்துக்குக் கோவையிலிருந்து பழனிக்கு நடந்தோம். காலேஜ் நண்பன் ஒருத்தனும் வந்தான். உடுமலை தாண்டினதும், "நான் இப்படியே பஸ் ஏறிக்கிறேன்டா, நாளைக்கு முகாம்ல கணக்கெடுப்பு"ன்னு திரும்பிட்டான். இலங்கையில இருந்து 1990-ல படகுல வந்தவங்க அவன் அப்பா அம்மா. அவன் பிறந்தது இங்கதான்.

அகதின்னா கதி இல்லாதவர். நாம தினமும் "முருகா, நீயே கதி"ன்னு கும்பிடறோம். அன்னைக்கு மிச்ச தூரம் முழுக்க இந்த ரெண்டு சொல்லும்தான் மனசுல ஓடுச்சு.

"அவங்க சம்மதத்தோடதானே திருப்பி அனுப்புறாங்க, அதுல என்ன தப்பு?"ன்னு நம்ம குரூப்ல ஒருத்தர் கேட்டார். நியாயமான கேள்விதான். 1991-ல ராஜீவ் காந்தி கொலைக்கு அப்புறம் தமிழ்நாட்டு மனநிலை மாறிப்போச்சு. 1992 ஜனவரியில திருப்பி அனுப்புறது தொடங்கி, 1995-க்குள்ள 50,000 பேருக்கு மேல போனாங்க. எல்லாரும் விரும்பிப் போறாங்கன்னு அரசு சொல்லுச்சு. கட்டாயப்படுத்துறாங்கன்னு பழ. நெடுமாறனும் டாக்டர் ராமதாஸும் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனாங்க. அந்த வருஷமே ஐ.நா. அகதிகள் ஆணையம் சென்னைக்கு வந்து, போறவங்களைத் தனியா விசாரிக்க ஆரம்பிச்சது.

நான் சாஃப்ட்வேர்ல இருக்கிறதால எனக்கு இது இப்படித்தான் புரியுது. திரையில 'சம்மதம்'னு ஒரே ஒரு பட்டனை வெச்சா எல்லாரும் அதைத்தான் அமுக்குவாங்க. பதிவுல நூத்துக்கு நூறு சம்மதம்னு இருக்கும். 'மாட்டேன்'னு சொன்னா என்ன ஆகுமோங்கற பயத்துல போடற கையெழுத்தும் அதே மாதிரிதான். முகாமுக்குள்ள இருக்கறவர் தனியா 'மாட்டேன்' சொல்றது கஷ்டம். பக்கத்துல ஊர்க்காரங்க நாலு பேர் நின்னா சொல்ல முடியும்.

2025 மே மாசம், தண்டனை முடிஞ்ச ஒரு இலங்கைத் தமிழர் தன்னை அனுப்பாதீங்கன்னு கேட்டப்போ, இந்தியா தர்மசத்திரம் இல்லைன்னு உச்ச நீதிமன்றம் சொல்லுச்சு. யார் இருக்கலாம்னு முடிவு பண்ற உரிமை அரசுக்கு இருக்கு, மறுக்கல. ஆனா சூரனையே மயிலாவும் சேவலாவும் கூடவே வெச்சுக்கிட்டவரைக் கும்பிடற நமக்கு, 'அவன் குற்றவாளி'ங்கறதோட பேச்சு முடிஞ்சிடக் கூடாது. அதே மாசம், ஐ.நா. ஏற்பாட்டில விரும்பித் திரும்பின முதியவர் ஒருத்தரையே பலாலி விமான நிலையத்துல கைது பண்ணாங்க. அப்புறம்தான் விட்டாங்க.

நம்மால ஆகறது பெரும்பாலும் காகித வேலைதான். பிறப்புச் சான்றிதழ் வாங்க, பேரு திருத்த ஆபீசுக்குக் கூடப் போறது, வக்கீலைப் பிடிச்சுக் கொடுக்கறது. சின்ன வேலைன்னு நினைக்காதீங்க. மண்டபம் முகாம்ல 1986-ல பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி 2022-ல மதுரைக் கிளை உத்தரவு போட்டுது. 2024-ல முதல் ஓட்டும் போட்டாங்க. 1987 ஜூலை 1-க்கு முன்னாடி இங்க பிறந்தவங்க குடிமக்கள்ங்கற சட்டமும், கையில இருந்த பிறப்புச் சான்றிதழும்தான் காரணம். நம்ம பூலுவப்பட்டி முகாம் சிறுவாணி ரோட்டுலதான் இருக்கு. பேரூர் போறவங்க இன்னும் கொஞ்ச தூரம் போனா வந்துடும்.

என் நண்பன் அந்தத் தேதிக்கு அப்புறம் பிறந்தவன். அந்தச் சட்டம் அவனுக்கு உதவாது. வர்ற தைப்பூசத்துக்கும் கூப்பிட்டிருக்கோம். கணக்கெடுப்பு என்னைக்குன்னு இன்னும் தெரியலையாம்.