குற்றம் வௌவாலின் மேலா?



கோவிட் கொள்ளைநோயின் கொடுமை தணிந்து ஆண்டுகள் சில சென்றுவிட்டன. ஆனால் அக்கிருமி எங்கிருந்து வந்தது என்ற பேச்சு இன்னும் தணியவில்லை. சில நாட்களுக்கு முன் கடைக்குச் சாமான் வாங்க வந்த நம்மவர் ஒருவர், "வௌவாலைத் தின்றார்கள், ஹராமைத் தின்றார்கள், நோய் வந்தது. இதில் ஆராய என்ன இருக்கிறது?" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார். அந்தத் தீர்ப்பு நியாயந்தானா என்பதைச் சற்றே சிந்திப்போம்.

முதலில் நம் நாட்டில் நடந்ததை எடுத்துக்கொள்வோம். 1998-ஆம் ஆண்டு ஈப்போ வட்டாரத்துப் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தோருக்கு மூளைக் காய்ச்சல் கண்டது. கொசுவால் வருவது என்று எண்ணி மருந்துப் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நோய் நிற்கவில்லை. 1999 மார்ச்சில்தான் அது வேறொரு புதிய கிருமி என்று தெரிந்தது. நெகிரி செம்பிலானில் உள்ள சுங்கை நிப்பா என்னும் ஊரின் பெயரே அதற்கு வைக்கப்பட்டது. 265 பேர் நோயுற்றனர். 105 பேர் மாண்டனர். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. "பன்றி நோய்தானே, நமக்கென்ன?" என்று அப்பொழுது நம்மில் பலர் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. சொன்னவர்களில் நானும் ஒருவன்.

பின்னர் நடந்த ஆராய்ச்சி வேறு செய்தி சொல்லிற்று. கிருமி பழந்தின்னி வௌவால்களிடம் இருந்தது. பன்றிக் கொட்டில்களை ஒட்டியே பழ மரங்கள் வளர்க்கப்பட்டிருந்தன. வௌவால் கடித்துப் போட்ட பழம் கொட்டிலில் விழுந்தது. பன்றி அதைத் தின்றது. வௌவாலும் பன்றியும் படைக்கப்பட்டபடி நடந்துகொண்டன. மரத்தையும் கொட்டிலையும் அருகருகே அமைத்தவன் மனிதன்.

"பன்றி நோய்" என்று சொன்ன நம் நாவுக்கு 2012-இல் ஒரு சோதனை வந்தது. அவ்வாண்டு சவூதி அரபியாவில் மெர்ஸ் என்ற நோய் கண்டுபிடிக்கப்பட்டது. கோவிட் கிருமியின் குடும்பத்தைச் சேர்ந்ததே அதுவும். நோய் உறுதிப்பட்டவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் இறந்தனர். அக்கிருமியைச் சுமந்திருந்தது எது? ஒட்டகம்! அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஏறிச் சென்ற பிராணி. நாம் குர்பானி கொடுக்கும் பிராணி. 2014 ஏப்ரலில் உம்ரா முடித்துத் திரும்பிய நம் நாட்டவர் ஒருவரும் அந்நோய்க்குப் பலியானார். அப்பொழுது ஹராம் என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை. கிருமி ஹலால் ஹராம் பார்த்து வருவதில்லை. உணவின் சட்டத்தை நாம் பேணுவது அல்லாஹ்வின் கட்டளை என்பதற்காக. நோயில் கிடக்கும் அயலானை அடிக்க அதைக் கோலாக்குவது முறையன்று.

இனி கோவிட் விஷயத்துக்கு வருவோம். 2019 டிசம்பரில் சீனத்து ஊஹான் நகரில் நோய் வெளிப்பட்டது. முதலில் நோயுற்றோரில் பலர் ஹுவானான் சந்தையோடு தொடர்புடையவர்கள். அங்கே காட்டுப் பிராணிகள் உயிரோடு விற்கப்பட்டன. ஆனால் 2017 முதல் 2019 வரை ஊஹான் சந்தைகளில் விற்ற பிராணிகளைக் கணக்கெடுத்தவர்கள் 38 இனங்களைக் குறித்தார்கள். அவற்றில் வௌவால் இல்லை. இக்கிருமிக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பங்குக்கு மேல் ஒத்த கிருமிகள் யுன்னானிலும் லாவோஸிலும் வௌவால்களிடம் கிடைத்தன. அவை உறவுக் கிருமிகளே. நேர் தாய் அல்ல. சந்தையில் கிருமி கிடைத்த இடத்திலேயே ரக்கூன் நாயின் தடயமும் கிடைத்தது. ஆயினும் நோயுற்ற பிராணி எதுவும் கைக்கு அகப்படவில்லை. கிடைத்த சான்றுகள் பிராணிகளின் பக்கமே சாய்கின்றன என்றும், சீனத்திடம் கேட்ட விவரங்கள் வராததால் ஆய்வுக்கூடக் கசிவு என்ற ஐயத்தையும் விலக்க முடியவில்லை என்றும் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2025 ஜூனில் கூறியது.

தராசின் தட்டு சாய்வது வேறு. முள் நிலைகொள்வது வேறு. முள் ஆடிக்கொண்டிருக்கையிலேயே காசு வாங்குகிறவன் நேர்மையான வியாபாரி அல்லன். ஊகத்தை உறுதி என்று விற்பதும் அளவையில் செய்யும் மோசடியே. 2003-இல் சார்ஸ் பரவியபோது புனுகுப்பூனையைக் குற்றவாளி என்றார்கள். மறு ஆண்டு ஆயிரக்கணக்கில் கொன்றார்கள். 2005-இல் பார்த்தால், வேர் குதிரைலாட வௌவால்களிடம் இருந்தது!

நம் தலையிலும் ஒருநாள் இந்தப் பழி விழுந்ததே, மறந்துவிட்டோமா? 2020 பிப்ரவரி இறுதியில் ஸ்ரீ பெட்டாலிங் பள்ளிவாசலில் தப்லீக் இஜ்திமா நடந்தது. ஏறக்குறைய 16,000 பேர் கூடினர். அதன் தொடர்பில் மூவாயிரத்துக்கும் அதிகமானோருக்கு நோய் கண்டது. அப்பொழுது எத்தனை ஏச்சு! தொப்பி அணிந்தவனைக் கண்டாலே விலகிப் போனவர்கள் உண்டு. "தெரிந்தா செய்தோம்? நாங்களா நோய்?" என்று மனம் புழுங்கினோம். நமக்கு நாம் கேட்ட அதே நீதியை ஊஹான்காரனுக்கு மறுக்கலாமா?

"அப்படியானால் குற்றம் யார்மீதும் இல்லையா?" என்று கேட்கலாம். இருக்கிறது. பகுத்தறிவு உள்ளவன்மீதே மார்க்கம் பொறுப்பைச் சுமத்துகிறது. வாயில்லா ஜீவனுக்குத் தக்லீஃப் இல்லை. பல காட்டு மிருகங்களைக் கூண்டுமேல் கூண்டாக அடுக்கியவனுக்குப் பொறுப்பு உண்டு. காட்டை அழித்து வௌவாலை ஊருக்குள் விரட்டியவனுக்கு உண்டு. கூடத்தில் கவனக்குறைவு நடந்திருந்தால் அதைச் செய்தவனுக்கும், உண்மையை மறைப்பவனுக்கும் உண்டு. அது செயலுக்கு உரிய பொறுப்பு. இனத்துக்கு உரிய பழி அன்று. மேலும், நோயைக் கொடுப்பது பிராணி மட்டுமா? 2020-இல் டென்மார்க்கில் கோவிட் கிருமி மனிதரிடமிருந்தே பண்ணை மிங்குகளுக்குத் தொற்றியது. அதன்பின் ஒரு கோடிக்கும் மேற்பட்ட மிங்குகளைக் கொன்றார்கள். அந்த ஜீவன்களுக்கு நாம்தானே வௌவால்?

ஆகவே சகோதரர்களே, நோயின் மூலத்தைத் தேடுவது கடமை. அடுத்த உயிரைக் காக்க அது உதவும். ஆள் தேடிப் பழி சுமத்துவது பாவம். கடைக்கு வந்த அந்த அன்பரிடம் அன்றைக்கு நான் வாய் திறக்கவில்லை. அதற்காகவே இதை எழுதினேன்.

அறிந்ததைப் பேசவும், அறியாததில் நாவைக் காக்கவும் எல்லாம் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தௌஃபீக் செய்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.