நடக்க முடியாத முயலுக்கு நாம் கடன்பட்டவரா?

வீட்டில் வளரும் முயல் ஒரு நாள் பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு நகர்கிறது. பிள்ளை அழுகிறது. “பற்றைப் பக்கமாக விட்டுவிட்டு வாருங்கள்” என்கிறார் ஒருவர். “கொன்றுவிட்டால் அதன் துன்பம் தீரும்” என்கிறார் இன்னொருவர். “யுத்தத்தில் மனிதரே கால் இழந்த இந்த மண்ணில் முயலுக்கு வைத்தியமா?” என்று கேட்கிறார் மூன்றாமவர். இவர்களுக்கு நாம் என்ன மறுமொழி சொல்வது?

முதலாவது யோசனையைப் பார்ப்போம். திருகோணமலை நகரிலும் பிரெட்ரிக் கோட்டையிலும் புள்ளிமான்கள் தம் விருப்பப்படி திரிகின்றன. தமக்குரிய இரையைத் தேடவும் ஆபத்துக் கண்டு ஓடவும் அவை அறியும். கூட்டு முயல் அப்படியல்ல. அது ஐரோப்பிய முயலினத்தின் வழிவந்தது. நம் காட்டு முயலின் வாழ்க்கை அதற்குத் தெரியாது. அதைக் கூட்டில் அடைத்தவர் நாம். நம் கையை நம்பியிருக்கச் செய்தவரும் நாம். கால் தளர்ந்த பின் அதைப் பற்றைக்குள் விடுவது விடுதலையன்று. நாய்க்கும் கீரிக்கும் ஒப்படைப்பதேயாகும். ஓர் உயிரை நம்மிடம் தங்கியிருக்கச் செய்தவுடன் கடமையும் பிறந்துவிடுகிறது.

அந்தத் தளர்ச்சிக்கு நாமே காரணமாயிருப்பதும் உண்டு. முயலின் எலும்புகள் மெல்லியவை. பின்கால் தசைகளோ மிக வலியவை. பின்புறத்தைத் தாங்காமல் தூக்கும்போது அது உதைத்தால், அந்த விசையிலேயே முதுகெலும்பு முறியலாம். ஆகவே பிள்ளைகள் அதைத் தூக்கும்போது ஒரு கை நெஞ்சின் கீழும் மறு கை பின்புறத்தின் கீழும் இருக்க வேண்டும். நரம்பையும் சிறுநீரகத்தையும் தாக்கும் நுண்கிருமி, முதுமையின் மூட்டுவாதம், கம்பித் தரையால் உண்டாகும் பாதப்புண் ஆகியவையும் காரணமாகலாம். சில வகைகள் மருந்தினால் குணமடையும். சிலவற்றில் வேதனையைத் தணிக்க மட்டுமே முடியும். எது எதுவென்று மிருக வைத்தியரே சொல்ல வேண்டும். திடீரெனக் கால் விழுந்தால் அன்றைக்கே காட்டுவது நல்லது.

மூன்றாமவரின் கேள்வி பாரமானது. மனிதரும் முயலும் ஒன்றல்ல. 1992இல் வெளியிடப்பெற்ற கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், தன் 2418ஆம் எண்ணில் இரண்டையும் சேர்த்தே கூறுகிறது: விலங்குகளை வீணாக வதைப்பது மனித மாண்புக்கு முரணானது, மனிதரின் துயர் துடைக்க வேண்டிய பணத்தை விலங்குகளுக்குச் செலவிடுவதும் தகாது. ஆகவே பாட்டியின் மருந்துக்கு வைத்த பணத்தை முயலுக்குக் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் முயலுக்கு வேண்டியவற்றில் பெரும்பகுதி பணமன்று, கையும் நேரமுமே. காய்ந்த மெத்தென்ற படுக்கை, வாய்க்கு எட்டும் தூரத்தில் புல்லும் தண்ணீரும், வெயிலுக்கு நிழல், சிறுநீரில் நனைந்த பின்புறத்தை நாளுக்கு இரண்டு முறை துடைத்து உலர்த்துதல் ஆகியவை போதும். ஈரத்தில் ஈ முட்டையிட்டால் புழு வைத்துவிடும். அரை நாளுக்கு மேல் ஒன்றும் தின்னாவிட்டால் குடல் இயக்கம் நிற்கும் அபாயம் உண்டு. தொட்ட பின் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். இவற்றைச் செய்யும் பிள்ளை, நாளை ஊன்றுகோலுடன் வரும் மனிதனைக் கண்டு முகம் திருப்பாது. முயலுக்குச் செய்யும் தொண்டு மனிதரிடமிருந்து எதையும் பறிப்பதில்லை.

இனி, கொன்றுவிடலாம் என்ற பேச்சு. தீராத வேதனையில் உண்ணவும் மாட்டாமல் கிடக்கும் விலங்கை வைத்தியர் மருந்து கொடுத்து உறங்கச் செய்வது பாவமன்று. மனித உயிருக்கு இந்த நியாயம் பொருந்தாது, விலங்குக்குப் பொருந்தும். ஆனால் அந்த முடிவுக்கு வருமுன் ஒன்றைக் கேட்டுப் பார்ப்போம்: நாம் முடிக்க நினைப்பது யாருடைய துன்பத்தை? முயலுடையதையா, கூடு கழுவும் நம்முடையதையா? கால் இழுத்தாலும் ஆவலோடு புல்லைக் கடித்து, தலையைத் தடவக் கொடுக்கும் முயல் இன்னும் வாழ விரும்புகிறது. அதைக் கருணையின் பெயரால் கொல்வது நம் சோம்பலுக்கு நல்ல பெயர் சூட்டுவதாகும்.

பெற்றோரே, முடிவு எதுவானாலும் அதைப் பிள்ளைக்குத் தெரியாமல் இரவில் செய்யாதீர்கள். வைத்தியர் சொன்னதைப் பிள்ளைக்கும் சொல்லுங்கள். பயன் தீர்ந்த உயிரை இந்த வீடு எப்படி நடத்துகிறது என்பதைப் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒரு நாள் நாமும் எழுந்து நடக்க முடியாதிருப்போம்; அன்றைக்கு நம்மைப் பராமரிக்க வரும் கை இன்று அந்தக் கூட்டருகில்தான் பழகுகிறது.