செய்தியும் மனச்சுமையும்: கோலார் தங்கவயலை முன்வைத்து ஓர் அறவியல் நோக்கு

அறிதல் துன்பத்தைப் போக்கும் என்பது பொதுநம்பிக்கை. எனினும், அறிதலே துன்பத்திற்கு வாயிலாவதும் உண்டு. அத்துன்பத்திற்குப் பொறுப்பாவார் கேட்பவரா, சொல்பவரா என்னும் வினாவைத் தங்கவயல் தமிழர் வாழ்வைக் கொண்டு இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

1880களில் ஜான் டெய்லர் நிறுவனத்தின் சுரங்கப் பணி தொடங்கிய பின்னர், வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து தமிழர் பெருந்திரளாக இங்குக் குடியேறினர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மிகுந்த ஆழம் உடையது. ஆழத்தில் பாறை வெடித்தபோது மேலே குடியிருப்புகளும் அதிர்ந்தன. அவ்வதிர்வும் ஒரு செய்தியே. பாறை வெடித்ததை அது அறிவித்தது. யாருக்கு என்ன நேர்ந்தது என்பதை அறிவிக்கவில்லை. இவ்விடைவெளியே துயரம். ஆயினும் அக்காத்திருப்புக்கு ஓர் எல்லை இருந்தது. சென்றவர் மேலே வந்தார்; அல்லது அவர்தம் மரணச்செய்தி வந்தது.

பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டபின் வந்த செய்திகள் வேறு வகையின. உலகளாவிய ஒப்பந்தப்புள்ளி கோர மத்திய அரசு 2006இல் முடிவெடுத்தது. 2013இல் உச்ச நீதிமன்றம் அதற்கு வழிவிட்டது. 2024 ஜூனில் கழிவுமண் மேடுகளிலிருந்து தங்கம் எடுக்கும் திட்டத்திற்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. இவற்றுள் எதுவும் பொய்யன்று. ஆனால் இறுதியாகச் சுட்டியது நிலத்தின் மேலுள்ள மேடுகளைப் பற்றியது, ஆழ்சுரங்கத்தைப் பற்றியதன்று. அது 'தங்கவயல் மீண்டும் திறக்கிறது' எனச் சுருங்கும்போது மெய் திரிகிறது. நாள்தோறும் தொடர்வண்டியில் பெங்களூரு சென்று உழைத்து மீள்பவர், ஊரிலேயே இருப்பதா, பெயர்வதா எனத் துணிய இயலாது நிற்கிறார். ஆகவே செய்தியின் மிகுதியைவிட, அதன் முடிவின்மையே பெருஞ்சுமை எனலாம்.

யார் கூறினும் மெய்ப்பொருள் காணும் கடமையைக் குறளின் 43ஆம் அதிகாரம் கேட்பவர்மீது வைக்கிறது. ஆனால் ஆவணமும் அதிகாரமும் பிறர் கையில் இருக்க, சோதிக்க வழியற்றவரிடம் அக்கடமையை மட்டும் வற்புறுத்துவது முறையாகாது. தீங்கு பயவாத சொல்லே வாய்மை என வரையறுக்கும் 30ஆம் அதிகாரத்தை இங்கு இணைத்து நோக்குதல் வேண்டும்.

அவ்வாறாயின் செய்தியை மறைத்தல் நன்றோ எனின், அன்று. மறைப்பு வதந்திக்கே இடமளிக்கும். சுரங்க வாயிலில் காத்துநின்றோர்க்கு மௌனம் ஆறுதலாகியிருக்காது. முடிவானது எது, முடிவாகாதது எது, அதனால் யாருக்கு என்ன பயன் என்பவற்றைச் செய்தியோடு சேர்த்தே உரைத்தல் சொல்பவர் கடன். உண்மையைக் கூறுவதோடு அதன் எல்லையையும் கூறுவதே வாய்மை எனக் கொள்ளத்தகும்.