பூ வரட்டும்

ஐப்பசியில் ஒரு உழவு மழை பெய்தால் போதும். கீழக்குயில்குடித் தோட்டத்தில் நாம் விதைத்தது எட்டிப் பார்ப்பதற்குள் விதைக்காதது பாத்தியை நிறைத்துவிடும். கத்தரி நாற்றுக்கு நடுவே, வெண்டை வரிசையின் ஓரத்தில், வாய்க்கால் கரையில் என்று சமணர் மலையின் இந்தப் பக்கத்து மண் முழுக்கப் பச்சை. அதில் பாதிக்கு எனக்குப் பெயர் தெரியாது. மீதிப் பாதியிலும் சிலவற்றைச் சோற்றோடு தின்றிருக்கிறேன்; செடியாகப் பார்த்ததில்லை.

*

வந்த வழியைக் கொண்டே சிலவற்றை ஊகிக்கலாம். தொழு எரு கொட்டிய பாத்தியில் முதலில் எழுவது குப்பைக்கீரை. கோடையில் கண்மாய் வண்டல் அடித்துப் போட்ட இடத்தில் பொன்னாங்கண்ணியும் கரிசலாங்கண்ணியும் தலைகாட்டும்; இரண்டும் ஈரத்தில் பழகியவை, வண்டலோடு விதையும் தண்டுத் துண்டும் வந்து சேர்ந்திருக்கும். வேலியோரம் குருவிகளின் பாடு. மணத்தக்காளியும் கோவையும் அவை எச்சமிட்ட இடத்தில் முளைத்தவை, அதனால்தான் பெரும்பாலும் ஏதாவது கம்புக்கோ கிளைக்கோ நேர் கீழே நிற்கின்றன. ஒரு செடியைப் பார்த்ததும் இது என்ன என்று கேட்பதைவிட இது எப்படி இங்கே வந்தது என்று கேட்டால் பதில் கொஞ்சம் சீக்கிரம் கிடைக்கிறது.

*

தரையோடு தரையாகப் படர்பவைதான் ஆளைக் குழப்பும். இன்று நான்கு கொடிகளைப் பிடுங்கி, மண்ணை உதறி, ஒரு சாக்கின் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

ஒன்று பருப்புக்கீரை. தண்டு வழவழவென்று செம்மை ஓடியிருக்கிறது. இலை தடித்து, காம்புப் பக்கம் ஒடுங்கி, நுனிப் பக்கம் அகன்றது. பூ மஞ்சள், வெயில் ஏறியபின் விரிந்து மதியத்துக்குள் மூடிக்கொள்ளும். காய் முற்றினால் அதன் மேல்பாதி மூடிபோலக் கழன்று, உள்ளே கறுப்பு விதை மணலாகக் கிடக்கும். கீரைகளில் ஒமேகா-3 கொழுப்பு அதிகம் உள்ளது என்று ஊட்டச்சத்துக்காரர்கள் கொண்டாடுவது இதைத்தான்.

இரண்டாவது சாரணத்தி. தூரத்தில் பருப்புக்கீரையின் தங்கை. கிட்டத்தில் பார்த்தால் இலைகள் எதிரெதிராக ஜோடி சேர்ந்து, ஜோடியில் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இருக்கின்றன. பூ வெளிர் ரோஜா நிறம், இலைக்கக்கத்தில் பாதி புதைந்து கிடக்கிறது.

மூன்றாவது மூக்கிரட்டை. இதிலும் ஜோடி இலை ஒன்றுக்கொன்று சிறிசு பெரிசுதான், ஆகவே அந்த அடையாளத்தை மட்டும் நம்பினால் சாரணத்தியோடு கலந்துவிடும். ஆனால் இதன் பூ மெல்லிய நீண்ட காம்பில் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது; ஊசித்தலை அளவு, கருஞ்சிவப்பு ரோஜா. காய் விரலில் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. பிடுங்கும்போது வேர் லேசில் வராது.

நான்காவது சித்திரப்பாலாடை. இலை சின்னது, தண்டு நூல். கிள்ளினால் பால் வருகிறது. மற்ற மூன்றிலும் கிள்ளிய இடத்தில் வெறும் தண்ணீர்க் கசிவு. கீரை என்று கிள்ளிய கையில் பால் பட்டால் அந்தப் பிடியைக் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆய வேண்டும்.

*

களையெடுக்க வரும் அக்காவின் களைக்கொத்து ஒரே வேகத்தில் போகும். ஆனால் கை சில இடங்களில் மட்டும் தயங்கும். அப்படித் தயங்கியதெல்லாம் மடிக்குப் போகிறது, மற்றது வரப்புக்கு. தொய்யக்கீரை, பண்ணைக்கீரை, குப்பைக்கீரை மடியில். ரயில்பூண்டும் பார்த்தீனியமும் வரப்பில். முள்ளுக்கீரையை மட்டும் தனியே வைத்தார். கணுக்குக் கணு முள் இருப்பதால் வீட்டில் உட்கார்ந்து நிதானமாக ஆய வேண்டுமாம்.

வெண்டைக்கு நடுவே நின்ற ஒன்றைக் காட்டி, "இது என்னக்கா?" என்றேன்.

குனிந்து பார்த்தார். இலையைக் கசக்கி மோந்தார். "தெரியலண்ணே. பூ வரட்டும், பாத்துக்குவோம்."

களைக்கொத்து அதைச் சுற்றிக்கொண்டு போனது.

*

புத்தகமும் இதைத்தான் சொல்கிறது. சென்னை மாகாணத் தாவரங்களைப் பற்றி கேம்பிள் தொடங்கிய பெருநூல் 1915 முதல் பகுதி பகுதியாக வெளிவந்தது. 1980களில் திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் உலர்தாவரகத்திலிருந்து கே.எம். மேத்யூ தமிழகச் செடிகளுக்கு ஒரு பெருநூல் கொடுத்தார். இந்த மாதிரி நூல்களில் ஒரு செடியின் பெயரைத் தேடிப் போனால், இதழ் எத்தனை, மகரந்தத்தாள் எத்தனை, சூலகம் மேலா கீழா என்றுதான் கேள்வி வரும். லின்னேயஸ் 1753இல் செடிகளை வகுத்ததும் பூவின் உறுப்புகளை எண்ணித்தான். உலர்தாவரகத்துக்குச் செடி சேகரிப்பவர்கள் பூவோ காயோ இல்லாத கிளையைக் கூடுமானவரை எடுப்பதில்லை.

இலை மண்ணுக்கும் வெயிலுக்கும் ஏற்றபடி மாறும். நிழலில் நின்ற குப்பைக்கீரையின் இலை உள்ளங்கை அகலம், பாதையோரத்தில் நின்றதன் இலை கட்டைவிரல் நகம். பூவின் அமைப்பு அப்படி மாறுவதில்லை. கைபேசியில் படம் பிடித்தால் பெயர் சொல்லும் செயலிகள், பூத்த செடிக்குக் கொடுக்கும் பதிலை இரண்டிலை நாற்றுக்குக் கொடுக்க முடியாமல் திணறுவதும் இதனால்தான். மணத்தக்காளி நாற்றையும் ஊமத்தை நாற்றையும் ஒரு படத்தை வைத்துப் பிரிக்க நான் துணிய மாட்டேன்.

*

வேலியோரம் நல்வேளை பூத்திருக்கிறது. விரல்களாய்ப் பிரிந்த இலை, வெள்ளைப் பூ, பூவுக்கு வெளியே மீசையாய் நீண்ட தாள்கள். நாய்வேளை இதன் உறவு. பூ மஞ்சள், தொட்டால் பிசுக்கு. இரண்டும் அடுத்தடுத்து நின்றாலும் பூ வந்தபின் யாரும் மாற்றிப் பறிக்க மாட்டார்கள்.

சிறுபாணாற்றுப்படையில் வறுமைப்பட்ட பாணன் வீட்டில் வெந்தது குப்பையில் முளைத்த வேளைக்கீரை. உப்புக்கும் வழியில்லை. பிறர் பார்த்துவிடுவார்களே என்று கதவை அடைத்துக்கொண்டு குடும்பமே அதைப் பகிர்ந்து உண்கிறது. புறநானூற்றின் 215ஆம் பாட்டிலோ அதே வேளையின் வெள்ளைப் பூவைத் தயிரிலிட்டு ஆயர்மகள் ஒருத்தி புளிங்கூழ் சமைக்கிறாள். அவரை பறிப்பவர்கள் வயிறு நிறைய உண்கிறார்கள். அந்த நாடு பாண்டிநாடு. பாடியவன் கோப்பெருஞ்சோழன், உணவை விட்டு வடக்கிருந்த வேளையில். அங்கிருந்து பிசிராந்தையார் கட்டாயம் வருவார் என்று சொல்லும்போது, நண்பனின் நாட்டை அவன் இந்தக் கூழைக் கொண்டு அடையாளம் காட்டுகிறான்.

ஒரு வீட்டில் கதவடைத்துத் தின்றது, இன்னொரு இடத்தில் வேலைக்காட்டின் விருந்து. செடி ஒன்றுதான், உப்பும் தயிரும் இருந்ததா இல்லையா என்பதுதான் வேறு. மேற்குக் கென்யாவில் இதே செடியைக் காய்கறியாகப் பயிரிட்டுச் சந்தையில் விற்கிறார்கள். கசப்புத் தணியப் பால் ஊற்றி வேகவைப்பது அங்கே வழக்கம். ஆயர்மகளின் தயிருக்கும் அந்தப் பாலுக்கும் இடையே ஒரு கடல் கிடக்கிறது. நாக்கு ஒரே முடிவுக்கு வந்திருக்கிறது.

*

மாலையில் சமணர் மலையின் செட்டிப்புடவுக் குகை வரை ஏறி வந்தேன். குகைக்கு வெளியே பாறையில் அமர்ந்த தீர்த்தங்கரர். பேச்சிப்பள்ளத்தில் வரிசையாகச் சிற்பங்கள், அடியில் வட்டெழுத்து. ஒன்பதாம், பத்தாம் நூற்றாண்டுகளில் இங்கே பள்ளி நடத்திய துறவிகள் ஒரு இலையைக்கூடத் தாமாகக் கிள்ளாதவர்கள். ஊர் கொடுத்ததை உண்டவர்கள்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் குஜராத்தில் ஹேமசந்திரர் எழுதிய யோகசாஸ்திரத்தில், சமண இல்லறத்தார் உண்ணக் கூடாதவற்றின் பட்டியல் ஒன்று உண்டு. மது, மாமிசம், தேன் இவற்றோடு 'அறியாத பழம்' என்பதும் அதில் இடம்பெறுகிறது. அவர் சுவேதாம்பரர், இம்மலையில் இருந்தவர்கள் திகம்பரர். நாடும் காலமும் வேறு. ஆனாலும் மலையடிவாரத்தில் பெயர் தெரியாத செடியோடு நிற்கிறவனுக்கு அந்த விதி கிட்டத்தில் கேட்கிறது. மற்ற விலக்குகள் எப்போதைக்குமானவை. இந்த ஒன்று மட்டும் பழத்தின் பெயர் தெரியவந்த நாளில் தளர்ந்துவிடும். விலக்கு பழத்தின் மேல் இல்லை, நம் அறியாமையின் மேல்.

*

இதில் ஒரு சிக்கல் உண்டு. செடியை ஐயமற அறியப் பூ வேண்டும். ஆனால் கீரை ருசிப்பது பூக்கும் முன்புதான். பூத்தபின் தண்டு நார் பாயும், இலை கசக்கும், சாரணத்தி முற்றினால் வயிற்றுக்கும் ஆகாது என்பார்கள். ஆகவே இந்தக் கார்த்திகையில் தெரிந்துகொண்டது அடுத்த ஐப்பசிக்குத்தான் உதவும். பூத்த செடியைப் பார்த்து வைத்து, அதே இடத்தில் அடுத்த மழைக்கு முளைக்கும் நாற்றை இன்னாரென்று கண்டுகொள்ள வேண்டும். அக்காவின் கை இரண்டிலை நாற்றிலேயே தயங்குகிறதென்றால், அதற்குப் பின்னால் எத்தனையோ மழைக்காலங்களும், கூடவே களையெடுத்த அம்மாவும் இருக்கிறார்கள்.

களைக்கொல்லி அடிக்கும் தோட்டத்தில் இந்தப் படிப்பு நடக்காது. அங்கே நாற்று பூவைக் காண்பதில்லை, கையும் தயங்கிப் பழகுவதில்லை. அப்படி அடித்த வரப்பிலோ, சாக்கடை ஓரத்திலோ நிற்பது தெரிந்த கீரையாகவே இருந்தாலும் பறிக்கக் கூடாது.

*

வெண்டைக்கு நடுவே விட்டுவைத்தது இப்போது முழங்கால் உயரம். பக்கத்தில் ஒரு குச்சி நட்டிருக்கிறேன், தண்ணீர் பாய்ச்சுகிறவர்கள் மிதித்துவிடாமல் இருக்க. இலை எதிரடுக்கு. தண்டு நாலு பட்டை. கிள்ளினால் பால் இல்லை. கசக்கினால் லேசான பச்சை மணம், துளசியும் இல்லை தும்பையும் இல்லை. கணுவில் மொட்டு கட்டத் தொடங்கியிருக்கிறது. தின்னக்கூடியதே என்று தெரியவந்தாலும் இந்த வருஷம் அது கீரையாகாது. விதைக்கு விட வேண்டியதுதான்.